நூற்றுப் பதினேழாவது ஸ்லைடு

ஹேமாவதியின் பிழை நோட்டில் நூற்றுப் பதினேழாவது பதிவு அவளுடைய அப்பாவின் ரத்தத்தைப் பற்றியது. மற்றப் பதிவுகளைப் போலவே அதுவும் நான்கு கட்டங்களுக்குள் அடங்கிக் கிடந்தது. தேதி: ஆடி மாதத்தின் கடைசி சனிக்கிழமை. பெயர்: ராஜபாண்டி, வயது ஐம்பத்தேழு. தவறு: ஸ்லைடு தடிமன், சிவப்பணுக்கள் அடுக்கடுக்காக ஒட்டியுள்ளன. காரணம்: சொட்டு பெரிது, கை அவசரம்.

அப்படி ஒரு நோட்டு வைக்கும்படி அவளிடம் யாரும் சொல்லவில்லை. தேனி பழைய பஸ் ஸ்டாண்டை ஒட்டிய மாடியில் இருந்த ரத்தப் பரிசோதனை லேபில் அவள் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம், லேபை நடத்தும் ஞானசிகாமணி அவள் தயாரித்த ஸ்லைடை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தார்.

"ஏம்மா, இது என்ன ஊத்தப்பமா? வெங்காயம் போட மறந்துட்டியா?"

லேபில் இருந்தவர்கள் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். அன்று சாயங்காலம் கீழே இருந்த கடையில் ஒரு நோட்டு வாங்கினாள். மூன்று வருடமாகியும் அந்த ஊத்தப்பம் அவள் கையை விட்டுப் போகவில்லை. மிஷின் காட்டும் எண்ணில் ஏதாவது இடித்தால் மற்றவர்கள் மிஷினைத் தட்டிப் பார்ப்பார்கள். ஹேமாவதி தன்னைத்தான் சந்தேகப்படுவாள். அறையைப் பூட்டிவிட்டுப் படி இறங்கியவள் திரும்பி ஏறிப் பூட்டை இழுத்துப் பார்ப்பாள். எந்த மாதிரியையும் இரண்டு முறை ஓட்டுவாள். கெட்டுப்போன ஸ்லைடுகளைக்கூடத் தூக்கி எறியாமல், நோட்டில் உள்ள எண்ணை ஒட்டி ஒரு மரப்பெட்டியில் வரிசையாக வைத்திருந்தாள்.

சனிக்கிழமை என்றால் குச்சனூர் கோயிலுக்குப் போகிற கூட்டமும் திரும்புகிற கூட்டமும் பஸ் ஸ்டாண்டை அடைத்துக்கொள்ளும். வந்த கையோடு சர்க்கரையும் பார்த்துவிட்டுப் போகலாம் என்று பாதிப் பேர் மாடி ஏறுவார்கள். அந்தக் கூட்டத்துக்கு நடுவில்தான் அன்று ராஜபாண்டி இடுப்பில் ஒரு கையை ஊன்றியபடி வந்து நின்றார். ஓடைப்பட்டியில் விதையில்லாத் திராட்சை போட்டிருக்கும் சம்சாரி. பந்தலுக்கு அடியில் கையைத் தூக்கி வேலை செய்தே பழகியவர்.

"முதுகு வலின்னு ஒரு வார்த்தை வாய் தவறிச் சொல்லிட்டேன். உங்கம்மா ஒரே தொணதொணப்பு. ஒரு சொட்டு ரத்தத்தைப் பாத்துட்டு, ஒண்ணும் இல்லேன்னு சீட்டு எழுதிக் குடு ஆத்தா. அவ மூஞ்சிக்கு நேரா நீட்டணும்."

"சீட்டெல்லாம் நான் எழுத முடியாதுப்பா. ரிப்போர்ட்டுதான்."

"அதைத்தான் குடு. இங்கிலீசுல இருக்குமில்ல. நான் சொல்றதுதான் அதுல இருக்குன்னு சொல்லிக்கிறேன்."

அவள் ரத்தம் எடுத்தாள். ரத்தத்தில் ஹீமோகுளோபின் குறைவு என்று மிஷின் சொன்னது. அது ஒரு பெரிய விஷயமில்லை. ஆனால் ஈ.எஸ்.ஆர். குழாயில் சிவப்பணுக்கள் ஒரு மணி நேரத்தில் நூற்றுப் பன்னிரண்டு மில்லிமீட்டர் இறங்கியிருந்தன. இருபதைத் தாண்டினாலே கவனிக்க வேண்டிய எண் அது.

பிறகு ஸ்லைடு. கண்ணாடிச் சில்லின் ஒரு முனையில் ரத்தச் சொட்டை வைத்து, இன்னொரு சில்லின் விளிம்பால் அதை நாக்கு போல இழுக்க வேண்டும். தொடங்குகிற இடம் தடிமனாக வரும். நாக்கின் நுனி மெல்லியதாக வரும். தடிமனான இடத்தில் யாருடைய ரத்தமும் காசுகளை அடுக்கிவைத்தது போலத்தான் தெரியும். மெல்லிய இடத்தில் அணுக்கள் தனித்தனியாகக் கிடக்க வேண்டும். அங்கேயும் அடுக்கியிருந்தால், ரத்தத்தில் ஏதோ ஒரு புரதம் மிதமிஞ்சிப்போய் அணுக்களைப் பசை போட்டது போல ஒட்டிவைத்திருக்கிறது என்று பொருள். இது ஹேமாவதி படித்த பாடம்தான். பரீட்சையில் ஐந்து மதிப்பெண் கேள்வி.

அப்பாவின் ஸ்லைடில் மெல்லிய இடத்திலும் காசுகள் அடுக்கியிருந்தன.

ஊத்தப்பம், என்று அவள் நினைத்தாள். இன்னொரு ஸ்லைடு இழுத்தாள். அதிலும் அப்படியே. சொட்டு பெரிதாக விழுந்திருக்கும், கை நடுங்கியிருக்கும், சொந்த அப்பா என்கிற பதற்றம். ஞானசிகாமணி அடுத்த அறையில்தான் இருந்தார். கூப்பிட்டுக் காட்டியிருக்கலாம். வரிசையில் பதினெட்டுப் பேர் உட்கார்ந்திருக்க, அப்பாவும் பார்த்துக்கொண்டிருக்க, வெங்காயக் கதையை இன்னொரு தடவை கேட்க அவளுக்குத் தெம்பில்லை. முதல் ஸ்லைடுக்கு நூற்றுப் பதினேழு என்று எண் போட்டுப் பெட்டியில் செருகினாள். ரிப்போர்ட்டில் 'அசாதாரண அணுக்கள் இல்லை' என்று எழுதினாள். அது பொய்யில்லை. காசு அடுக்கைப் பற்றி எழுதவில்லை.

"ரத்தம் கொஞ்சம் கம்மியா இருக்குப்பா. இரும்புச் சத்து மாத்திரை சாப்பிடுங்க. ஈ.எஸ்.ஆர். கூட இருக்கு, எங்கயாச்சும் புண்ணோ சளியோ இருந்தாலும் கூடும். வலி நிக்கலேன்னா டாக்டர்கிட்டக் காட்டணும்."

"மத்தபடி நல்லா இருக்குல்ல?"

"இருக்கு."

அந்த ஒரு சொல்லை வாங்கிக்கொண்டு அவர் படி இறங்கினார்.

மாசி பிறந்து பத்து நாள் இருக்கும். ஓடைப்பட்டித் தோட்டத்தில் கீழ்க்காட்டுப் பந்தலில் கொத்துகளில் மிளகுப் பருவத்தில் பிஞ்சு பிடித்திருந்தது. விதையில்லாத் திராட்சை தானாகப் பெருக்காது. பிஞ்சைப் பெருக்கச் சொல்லிக் காயில் சுரக்க வேண்டிய சத்தை விதைதான் சுரக்கும். விதையே இல்லாத காய்க்கு அதைச் சொல்ல ஆளில்லை. அதனால் ஜி.ஏ. என்கிற வளர்ச்சி மருந்தைத் தண்ணீரில் கரைத்து, ஒரு குவளையில் ஊற்றி, பந்தலில் தொங்கும் ஒவ்வொரு கொத்தையும் அதில் முக்கி எடுக்க வேண்டும். முக்கியது எது, முக்காதது எது என்று பார்த்தவுடன் தெரியாது. இரண்டு முறை முக்கினால் காம்பு தடித்துக் கொத்து கெட்டுப்போகும். விட்டுப்போனால் காய் மிளகாகவே நின்றுவிடும்.

அதற்கு ராஜபாண்டி ஒரு ஏற்பாடு வைத்திருந்தார். முக்குகிற ஆள் அந்தக் கொத்துக்கு மேலே இருக்கும் இலையின் ஓரத்தை நகத்தால் கிள்ளிவிட வேண்டும். பின்னால் இன்னொரு ஆள் வெறுங்கையோடு வரிசை வரிசையாக நடந்து, கிள்ளாத இலை இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். முக்கினவனே தான் முக்கியதைப் பார்க்கக் கூடாது. அது அந்தத் தோட்டத்துச் சட்டம்.

அன்று முக்கியவர் அம்மாவாசி. ராஜபாண்டியோடு இருபது வருடமாகத் தோட்டத்தில் கிடப்பவர். பின்னால் பார்த்துக்கொண்டு வந்தவர் ராஜபாண்டி.

"அண்ணே, பொண்டாட்டிகூட என்னை இம்புட்டு சந்தேகப்பட்டதில்லை" என்றார் அம்மாவாசி.

"அவளுக்கு உன்னால நட்டம் இல்லைடா. எனக்கு இருக்கு. அந்தா பாரு, மூணாவது கொத்து. கிள்ளலை."

"கிள்ளியிருக்கேன், நல்லாப் பாருங்க."

பார்ப்பதற்காக ராஜபாண்டி எட்டிக் கையை உயர்த்தி, இலையை இழுத்தார். காய்ந்த குச்சியை ஒடித்தது போல ஒரு சத்தம். அது தனக்குள்ளிருந்து வந்தது என்று அவருக்குப் புரிய ஒரு நொடி ஆனது. அப்படியே மண்டியிட்டு உட்கார்ந்தார். அம்மாவாசி குவளையைப் போட்டுவிட்டு ஓடிவந்தபோது அவர் சொன்ன முதல் வார்த்தை, "மருந்தைக் கொட்டிட்டியா?"

சின்னமனூரில் எக்ஸ்ரே, தேனியில் ஸ்கேன், அங்கிருந்து மதுரை. முதுகெலும்பில் ஒரு கட்டை நசுங்கியிருந்தது. இடுப்பெலும்பிலும் மண்டையோட்டிலும் எலி கடித்தது போலச் சின்னச் சின்ன ஓட்டைகள். இடுப்பெலும்புக்குள் ஊசியை இறக்கி மஜ்ஜையை எடுத்துப் பார்த்தார்கள். மைலோமா என்றார்கள். மஜ்ஜைக்குள் வளருகிற ரத்தப் புற்றுநோய்.

மதுரையில் அவரைப் பார்த்த டாக்டர் ஷீபாவுக்கு நாற்பது வயதுகூட இருக்காது. போடிக்காரர். அதனாலோ என்னவோ ராஜபாண்டி அவரிடம் கூச்சப்படாமல் கேட்டார்.

"எனக்குப் புரியுற மாதிரிச் சொல்லுங்க டாக்டரம்மா. உள்ள என்ன நடக்குது?"

"மஜ்ஜையை நாத்தங்கால்னு வச்சுக்கங்க ஐயா. ரத்த அணு எல்லாம் அங்கதான் முளைக்குது. அங்க நாத்து மட்டும் இருக்காது, அதைத் தாங்கிப் பிடிக்கிற செல்லுகளும் இருக்கும். அதுக ஒருவிதமான ரசாயனத்தைச் சுரக்கும். அந்த ரசாயனம்தான் சேதி. 'நீ வளரு', 'நீ பொறு', 'உன் காலம் முடிஞ்சுச்சு, போ'ன்னு அதுதான் ஒவ்வொரு அணுவுக்கும் சொல்லும்."

"சரி."

"உங்க மஜ்ஜையில ஒரு வகைச் செல்லு கெட்டுப்போச்சு. கெட்டது தன் பலத்துல மட்டும் வளரலை. தாங்கிப் பிடிக்கிற நல்ல செல்லுமேல போய் ஒட்டிக்கிட்டு அதைச் சுரக்க வைக்குது. 'வளரு, சாகாதே'ங்கிற சேதி அங்க இருந்து இதுக்குத் திரும்பி வருது. எலும்பை அரிக்கிற செல்லு ஒண்ணு இருக்கு. அதுக்கும் இது தூண்டிவிட்டுச் சேதி அனுப்புது. எலும்பு அரிபட்டா அதுக்குள்ள இருக்குற வளர்ச்சிச் சத்தும் வெளிய வரும். அதையும் இதுவே எடுத்துக்குது."

ராஜபாண்டி கொஞ்ச நேரம் மேஜை விளிம்பைத் தடவிக்கொண்டிருந்தார்.

"எங்க திராட்சைக் கொத்தை ஜி.ஏ.ல முக்குவோம். கொத்து தானாப் பெருக்காது, நாங்கதான் பெருக்கச் சொல்றோம். அது மாதிரியா?"

"கிட்டத்தட்ட அப்படித்தான். ஆனா சொல்றது வெளியாளு இல்லை. உங்க சொந்த மஜ்ஜை."

"அப்ப களைக்குத் தண்ணி பாய்ச்சுறவன் நம்ம ஆளுதான்."

"அவனுக்கு அது களைன்னு தெரியாது ஐயா."

அப்பாவின் நாற்காலிக்குப் பின்னால் நின்றிருந்த ஹேமாவதி அதன் சட்டத்தைப் பிடித்துக்கொண்டாள்.

"இருவது வருசமா அந்த மருந்தை வெறுங்கையால முக்குறேன். அதுனால வந்துச்சா?"

"அதுனாலதான்னு சொல்ல என்கிட்ட ஆதாரம் இல்லை. உங்க ஒருத்தருக்கு எதுனால வந்துச்சுன்னு யாராலயும் சொல்ல முடியாது. ஆனா எந்த மருந்தா இருந்தாலும் கையுறை போட்டுக்கங்க." டாக்டர் தாள்களைப் புரட்டினார். "வாரம் ஒரு ஊசி. தினம் ராத்திரி ஒரு கேப்சூல். ஊசி கெட்ட செல்லைக் கொல்லும். கேப்சூல் அதையும் அடிக்கும், அதுக்கும் பக்கத்துச் செல்லுக்கும் நடக்குற பேச்சையும் கெடுக்கும். எலும்புக்குத் தனியா மருந்து இருக்கு. அடியோட போயிரும்னு சொல்ல மாட்டேன். அடக்கிவைக்க முடியும். பல பேரு பல வருசம் இருக்காங்க. இதுக்கு முன்னாடி ரத்தம் எதுவும் பாத்தீங்களா? ஸ்லைடு பாத்தாங்களா?"

"என் மகளே பாத்தா" என்றார் ராஜபாண்டி. திரும்ப முடியாமல் கையை மட்டும் பின்னால் நீட்டி அவளைக் காட்டினார். "ஆடி மாசம். லேபுலதான் வேலை. அப்ப நல்லா இருந்துச்சு."

டாக்டர் அவளைப் பார்த்தார்.

"ஈ.எஸ்.ஆர். கூட இருந்துச்சு மேடம்" என்றாள் ஹேமாவதி. "நூத்திப் பன்னெண்டு. இரும்புச் சத்துக் குறைவுன்னு நினைச்சேன்."

"ஸ்லைடுல?"

"அசாதாரண அணுக்கள் இல்லை."

டாக்டர் அதை எழுதிக்கொண்டார்.

முதல் மூன்று ஊசிகளுக்கு ராஜபாண்டி ஒழுங்காகப் போனார். ஹேமாவதி ஒவ்வொரு செவ்வாயும் லீவு போட்டுவிட்டு ஆண்டிபட்டி வழியாக மதுரை பஸ்ஸில் அவருக்கு ஜன்னல் சீட்டு பிடித்து உட்கார வைத்தாள். இடுப்பில் பெரிய பெல்ட் கட்டிக்கொண்டு, ஒவ்வொரு வேகத்தடைக்கும் பல்லைக் கடித்துக்கொண்டு அவர் வந்தார். பேச்சில்தான் ஒரு மாற்றம். பஸ்ஸில் பக்கத்தில் உட்காருகிறவர் யாராக இருந்தாலும் அவரிடம் ஒரே கதையைச் சொன்னார்.

"ஆடியில என் மக ரத்தம் பாத்தா. சுத்தமா இருந்துச்சு. மாசியில முதுகை முறிச்சுருச்சு. ஆறே மாசம். என்ன வேகம் பாருங்க."

நான்காவது செவ்வாய்க்கு முந்தின நாள் அம்மா போன் செய்தாள்.

"நாளைக்கு வரலைன்னு சொல்லிட்டாக."

"ஏம்மா? காய்ச்சலா?"

"ஒண்ணும் இல்லை. ஆறு மாசத்துல இம்புட்டு வளந்தது இன்னொரு ஆறு மாசத்துல ஆளை முடிச்சிரும், அதுக்கு எதுக்கு ஊசியும் பஸ்ஸுமுன்னு சொல்றாக. தோட்டத்தை யாருக்காச்சும் குத்தகைக்கு விட்டுட்டா எனக்கு ஒரு வழி இருக்கும்னு ஆள் பேசிக்கிட்டு இருக்காக. கேப்சூலையும் தலைமாட்டுல வச்சுக்கிட்டுப் பாத்துக்கிட்டே இருக்காக, திங்க மாட்டேங்கிறாக."

ஹேமாவதி போனைக் காதில் வைத்தபடியே நின்றாள். ஆறு மாசம் என்கிற அந்தக் கணக்கை அவருக்குக் கொடுத்தது யார் என்று அவளுக்குத் தெரியும். 'இருக்கு' என்று அவள் சொன்ன ஒற்றைச் சொல்தான். அது பொய்யானால் அந்தக் கணக்கும் பொய்.

"அம்மா, ஆடியிலேயே இருந்துச்சும்மா. நான் பாத்தேன்."

அம்மா அன்னத்தாய் அழுகிற ஆள் இல்லை. குரலைத் தாழ்த்திச் சொன்னாள்.

"பாத்துட்டா சொல்லாம இருந்த?"

"என் கைத்தப்புன்னு நினைச்சேன்."

"ஏடி, இதை அவுககிட்டச் சொல்லிராதடி. டாக்டர் சொன்னா நம்ப மாட்டாக, நான் சொன்னா நம்ப மாட்டாக. உலகத்துல அவுக நம்புற ஒரே ஆளு நீதான். அதுவும் போயிருச்சுன்னா அப்புறம் யாரு சொல்லி ஊசிக்குப் போவாக?"

அம்மா சொன்னதில் தவறில்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது. சொன்னால் அவருக்கு நம்பிக்கை வரலாம், மகள் மேல் இருந்தது போய்விடும். சொல்லாவிட்டால் மகள் மேல் நம்பிக்கை இருக்கும், உயிர் மேல் இருக்காது. ஹேமாவதி இரண்டையும் நோட்டின் பின்பக்கத்தில் எழுதிப் பார்த்தாள். எழுதியதும் இன்னொரு சந்தேகம் வந்தது. நிஜமாகவே பார்த்தேனா? அல்லது இப்போது வியாதி தெரிந்துவிட்டதால் அன்று பார்த்ததாகத் தோன்றுகிறதா? ஒருவேளை அது ஊத்தப்பமாகவே இருந்தால்?

மரப்பெட்டியைத் திறந்து நூற்றுப் பதினேழாவது ஸ்லைடை எடுத்துக்கொண்டு ஞானசிகாமணியின் மேஜைக்குப் போனாள். எதுவும் சொல்லாமல் அவர் முன்னால் வைத்தாள்.

"யாருது?"

"பாத்துட்டுச் சொல்லுங்க சார்."

அவர் மைக்ராஸ்கோப்பில் குனிந்தார். தடிமனான இடத்தில் தொடங்கி, நாக்கின் நுனி வரைக்கும் மெதுவாக நகர்த்தினார். திரும்ப வந்தார். மறுபடியும் போனார்.

"ஸ்லைடு நல்லா இழுத்திருக்க" என்றார். "நுனி வரைக்கும் அடுக்கியிருக்கு. ஓரத்துல நீலமா ஒரு சாயல் வேற. புரதம் ஏறியிருக்குற ரத்தம் இது. புரதத்தைப் பிரிச்சுப் பாக்குற எலக்ட்ரோபோரசிஸ் டெஸ்ட் போட்டியா?"

"எங்கப்பாது சார். ஆடி மாசம் எடுத்தது."

அவர் நிமிரவில்லை. கண்ணை லென்ஸிலேயே வைத்திருந்தார். அதில் பார்ப்பதற்கு இனி ஒன்றும் இல்லை என்று இருவருக்கும் தெரியும்.

"எனக்குக் காட்டியிருக்கலாமே."

"ஊத்தப்பம்னு சொல்லுவீங்கன்னு நினைச்சேன்."

ஞானசிகாமணி நிமிர்ந்து உட்கார்ந்து கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். சமாதானமாக ஏதாவது சொல்வார் என்று அவள் எதிர்பார்த்தாள்.

"சொல்லியிருப்பேன்" என்றார். "அன்னிக்கு இருந்த கூட்டத்துல பாக்காமலேகூடச் சொல்லியிருப்பேன்."

சாயங்காலம் அவள் ஓடைப்பட்டிக்குப் போய் இறங்கியபோது வெயில் தணிந்திருந்தது. மேல்காட்டுப் பந்தல் முப்பத்தைந்து நாள் பின்னால் கவாத்து செய்தது. அங்கே இப்போதுதான் முக்குகிற வேலை. அம்மாவாசி நீல நிறக் கையுறையோடு குவளையை உயர்த்திக்கொண்டிருந்தார். ராஜபாண்டி பந்தலுக்கு அடியில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் பெல்ட்டோடு நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். ஒரு வரிசை முடிந்தால் நாற்காலியைத் தூக்கி அடுத்த வரிசையில் போடச் சொல்லி, அங்கிருந்து இலைகளைப் பார்த்தார்.

"வா ஆத்தா. பாரு இவனை. கையுறை போட்டுக்கிட்டா கிள்ள வரலையாம்."

"கல்யாண மாப்பிள்ளை மாதிரி உக்காந்துக்கிட்டு ஏவுறாக, பாத்தியா தாயி" என்றார் அம்மாவாசி. அவள் முகத்தைப் பார்த்ததும் குவளையை எடுத்துக்கொண்டு இரண்டு வரிசை தள்ளிப் போனார்.

ஹேமாவதி தரையில் உட்கார்ந்தாள். பஸ்ஸில் வரும்போது வரிசைப்படுத்தி வைத்திருந்த எதுவும் வரவில்லை.

"அப்பா, ஆடி மாசம் உங்க ரத்தம் நல்லா இல்லை."

அவர் இலையிலிருந்து கண்ணை எடுத்தார்.

"ஸ்லைடுல தெரிஞ்சுச்சு. ரெண்டு தடவை போட்டேன், ரெண்டு தடவையும் தெரிஞ்சுச்சு. நான் சரியா இழுக்கலை, அதான் அப்படித் தெரியுதுன்னு நினைச்சேன். யார்கிட்டயும் காட்டலை. உங்ககிட்ட நல்லா இருக்குன்னு சொன்னேன். டாக்டர் கேட்டப்பவும் மறைச்சேன். இன்னிக்குக் காலையில ஞானசிகாமணி சார்கிட்டக் காட்டினேன். ஸ்லைடு சரியாத்தான் இருக்குன்னு சொன்னாரு."

ராஜபாண்டி இடுப்புப் பெல்ட்டை இழுத்துச் சரிசெய்தார். அம்மாவாசியின் குவளையிலிருந்து மருந்து சொட்டுகிற சத்தம் மட்டும் கேட்டது.

"அப்பவே தெரிஞ்சிருந்தா?"

"மருந்து அப்பவே ஆரம்பிச்சிருப்பாங்க. முதுகு தப்பிச்சிருக்கலாம்."

"இருக்கலாம்னா?"

"உறுதியாச் சொல்ல முடியாதுப்பா."

"ஏழு மாசம்" என்றார். விரலை மடக்கி எண்ணவில்லை. தோட்டத்து வேலைகளைச் சொல்லி எண்ணினார். "அறுப்பு முடிச்சேன். எருக் கொட்டுனேன். கவாத்து பண்ணுனேன். எல்லாம் இந்த முதுகை வச்சுக்கிட்டு. வலி வர்றப்பல்லாம், மக பாத்துட்டா, ஒண்ணும் இல்லேன்னு எனக்கு நானே சொல்லிக்கிட்டேன்."

ஹேமாவதி தலை குனிந்திருந்தாள். அழுதால் அவர் தேற்ற வேண்டியிருக்கும். அதனால் அழவில்லை.

"ஒண்ணு சொல்றேன்ப்பா. அதைக் கேட்டுட்டு என்ன வேணும்னாலும் சொல்லுங்க. இது ஆறு மாசத்துல வளந்தது இல்லை. ஆடியில நான் பாத்த அளவுக்கு வர்றதுக்கே ரொம்ப நாள் ஆயிருக்கும். ரெண்டு வருசம் மூணு வருசமாக்கூட உள்ளயே கிடந்திருக்கும். வேகமா வர்ற சாதி இல்லை அது. நீங்க போட்ட கணக்கு தப்பு. நான் குடுத்த தப்பான ரிப்போர்ட்டை வச்சுப் போட்ட கணக்கு."

அவர் அவளைப் பார்த்தார். இதுவரை பார்த்தே இராத ஒரு ஆளைப் பார்ப்பது போல இருந்தது அது.

"இப்ப நீ சொல்றதை எப்படி நம்புறது?"

அவள் கீழே கிடந்த ஒரு இலையை எடுத்து அதன் ஓரத்தைப் பார்த்தாள்.

"நீ கிளம்பு" என்றார். குரல் உயரவில்லை. "ஏழரை பஸ் போயிரும்."

மறுநாள் செவ்வாய். காலை எட்டு மணிக்கு அம்மாவின் போன் வந்தது.

"உங்கப்பா மதுரைக்குக் கிளம்பிட்டாக. கூட அம்மாவாசி போறான். டாக்டரம்மாகிட்டச் சில கேள்வி கேக்கணுமாம்." ஒரு கணம் நின்று, "உன்னைக் கூப்பிட வேணாமுன்னுட்டாக" என்றாள்.

கேள்விகள் எவை என்று அவள் பிறகு அம்மாவாசியிடமிருந்துதான் தெரிந்துகொண்டாள். என் மக ஆடியிலேயே பார்த்துவிட்டாள் என்று ராஜபாண்டி முதலில் சொல்லியிருக்கிறார். அப்படியானால் இது மெதுவாக வளருகிற சாதிதானா என்று கேட்டிருக்கிறார். மெதுவாகத்தான் வந்திருக்கும், பல வருடம் உள்ளேயே இருந்திருக்கலாம் என்று டாக்டர் ஷீபா சொன்னதும், இதைத் தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தரச் சொல்லியிருக்கிறார்.

"எழுதிக் குடுத்தாகளா?" என்று கேட்டாள் ஹேமாவதி.

"குடுத்தாக. பஸ்ஸை விட்டு இறங்குற வரைக்கும் கையிலேயே வச்சிருந்தாரு. இங்கிலீசு. எனக்கும் தெரியாது, அவருக்கும் தெரியாது. ரெண்டு பேரும் படிச்சுக்கிட்டே வந்தோம்."

ஊசி போட்டுக்கொண்டார். அன்று ராத்திரி கேப்சூலும் போட்டுக்கொண்டார். அதற்கு அடுத்த செவ்வாயும் அதற்கடுத்த செவ்வாயும் அம்மாவாசியே கூடப் போனார். ஹேமாவதி டாக்டர் ஷீபாவுக்கு ஒரு கடிதம் எழுதி, ஸ்லைடையும் பார்சலில் அனுப்பிவைத்தாள். கடிதத்தை நான்கு தடவை திருத்தி எழுதினாள். மன்னிப்புக் கேட்ட வரியை மூன்று தடவை சேர்த்து நான்காவது தடவை எடுத்துவிட்டாள். நடந்தது மட்டும் போதும் என்று பட்டது. டாக்டர் பதில் எழுதவில்லை. பார்சல் வந்து சேர்ந்ததாக ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு குறுஞ்செய்தி மட்டும் வந்தது.

சித்திரையில் கீழ்க்காட்டு அறுப்பு தொடங்கிய வாரம், இன்னொரு சனிக்கிழமை. வரிசையில் டோக்கன் எடுத்துக்கொண்டு ராஜபாண்டி உட்கார்ந்திருந்ததை அவள் முதலில் கவனிக்கவில்லை. முப்பத்தொன்று என்று கூப்பிட்டபோது எழுந்து வந்தார். பெல்ட் கட்டியிருந்தார். ஆள் ஒரு சுற்று இளைத்திருந்தார். நடை மட்டும் முன்பைவிடத் தெளிவு.

"டாக்டரம்மா மாசாந்திர ரத்தம் பாக்கச் சொன்னாக" என்று சீட்டை நீட்டினார். "மதுரையிலயே எடுக்கலாமுன்னாக. இங்கன எடுத்துக்கிறேன்னு சொல்லிட்டேன்."

அவள் நாற்காலியைக் காட்டினாள். அவர் உட்காரவில்லை.

"அந்த சிகாமணி சார் இருக்காரா?"

"இருக்காரு."

"ரெண்டு பேரும் பாக்கணும். நீ பாத்ததை அவரு தனியாப் பாக்கணும். நீ என்ன பாத்தேன்னு அவருகிட்ட முன்னாடி சொல்லக் கூடாது. ரெண்டு பேரும் கையெழுத்துப் போடணும்." பிறகுதான் உட்கார்ந்து, சட்டைக் கையை மடக்கி, முழங்கையை அவள் பக்கம் நீட்டினார். "எடு."

நரம்பு சுலபத்தில் கிடைக்கவில்லை. பல ஊசி பார்த்த கை. இரண்டாவது குத்தில் ரத்தம் வந்தது. அவர் முகம் சுளிக்கவில்லை.

அன்று ஸ்லைடு இழுக்கும்போது அவள் கை நடுங்கியதா இல்லையா என்று அவள் யோசிக்கவில்லை. மெல்லிய நுனியில் காசுகள் இன்னும் இருந்தன. ஆனால் நீண்ட அடுக்குகள் குறைந்து, நாலைந்து அணுக்கள் சேர்ந்த துண்டு துண்டாக நின்றன. பார்த்ததைப் பார்த்தபடி ஒரு தாளில் எழுதிக் கவிழ்த்து வைத்தாள். ஞானசிகாமணி வந்து பார்த்தார், வேறொரு தாளில் எழுதினார். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள். வார்த்தை வேறாக இருந்தது. விஷயம் ஒன்றுதான். புரதத்தின் அளவு முதல் மாதத்தைவிட மூன்றில் ஒரு பங்கு இறங்கியிருந்தது. இன்னும் இருக்க வேண்டியதைவிட மிக அதிகம்.

ரிப்போர்ட்டில் அடியில் இரண்டு கையெழுத்து.

ராஜபாண்டி அதைக் கண்ணுக்குக் கிட்டே பிடித்து, படிக்கத் தெரியாத எழுத்துகளின் மேல் விரலை ஓட்டிக்கொண்டே வந்து கையெழுத்துகளில் நிறுத்தினார்.

"ரெண்டு பேரும் பாத்தாச்சா?"

"பாத்தாச்சுப்பா. குறைஞ்சிருக்கு. ஆனா இன்னும் நிறைய இருக்கு."

"நிறைய இருக்குன்னா இருக்குன்னே சொல்லு. அதுதான் வேணும்."

தாளின் மேல் ஓரத்தை நகத்தால் கிள்ளினார். துண்டு தனியாக வந்தது. அதை மேஜை மேல் வைத்துவிட்டு, தாளை நாலாக மடித்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு எழுந்தார். படிக்கட்டில் கைப்பிடியைப் பிடித்து ஒவ்வொரு படியாக இறங்கினார். மூன்றாவது படியில் நின்று, திரும்ப முடியாததால் திரும்பாமலே சொன்னார்.

"செவ்வாய்க்கிழமை அம்மாவாசிக்கு அறுப்பு இருக்கு. ஆறு மணி பஸ்ஸு."